ஏற்கத் தயார்

ஜூன் 3, திங்கள்

வெளியே கடும் வெயில். நான் பகல் முழுவதும் ஸ்வெட்டரோடு இருந்தேன்.

கிழக்குக் கூடத்தில் வேலையைத் தொடங்கினேன். தொடங்கினேன் என்பது பெரிய சொல். உட்கார ஒரு ஸ்டூல் கேட்டு வாங்குவதற்கே முற்பகல் போய்விட்டது. ஒரு பொருளை இரண்டாவது முறை கேட்பதற்கு எனக்கு எப்போதும் கூச்சம்.

பின்னால் படிக்கும்போது எனக்கே குழப்பம் வரக்கூடாது என்பதால் விவரத்தை எழுதிவைக்கிறேன். அம்பத்தூரில் இந்தக் கட்டடத்துக்குள் முன்பு இரண்டு கம்பெனிகள் தனித்தனியாகக் கணினிக் கூடங்கள் நடத்தின. பிறகு இரண்டும் ஒன்றாயின. நடுச்சுவரை இடித்தார்கள். கிழக்குக் கூடத்தில் ஒரு துணிக்கடைக் குழுமத்தின் கணினிகள். அதற்குப் பொறுப்பு தணிகாசலம். மேற்குக் கூடத்தில் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் படங்களைச் சேமிக்கிறார்கள். அதற்குப் பொறுப்பு வஹிதா பானு. இரண்டு பக்கத்துக் கம்பிகளும் சுவர் இருந்த மூலையில் ஒரு பழைய ரேக்கில் வந்து சேர்கின்றன. இந்த மாதம் 23ஆம் தேதி ஞாயிறு காலை அந்த ரேக்கை எடுத்துவிட்டுப் புதிய சுவிட்ச் ஒன்றைப் பொருத்தப் போகிறார்கள். அதற்குள் எல்லாச் சுவிட்சுகளின் அமைப்புகளையும் பார்த்து அட்டவணை போட்டுக் கொடுப்பது என் வேலை.

மதியம் தணிகாசலம் வந்தார்.

“இன்னா சார், குளிருதா? நம்ம ஹால்ல ஏசி கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும்.”

“இல்ல, பரவால்ல.”

“நிதானமா போடுங்க சார். எங்க சார் அட்டவணை போட்டா தப்பே வராதுன்னு ஜி.எம். கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”

குளிரத்தான் செய்தது. ஏன் பரவாயில்லை என்றேன் என்று தெரியவில்லை.

தணிகாசலம் தொலைபேசித் துறையில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். நான் ஓய்வுபெற்ற மறு வருடம் வீட்டுக்கே வந்து இங்கே அழைத்தார். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கலாம் என்று அவர் எழுதினால் புதுப்பிப்பார்கள். எனக்கு இது பொழுதுபோக்குத்தான். அவசியம் என்று ஒன்றும் இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

கிழக்கில் பாதி முடிந்தது. நேற்று எழுதியதை முதலிலிருந்து மறுபடி சரிபார்த்ததால்தான் பாதி.

ஜூன் 6, வியாழன்

மாலையில் நானும் மனைவியும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். ஜெயசீலி கேட்டாள்.

“அப்படி என்னத்தத்தான் பாக்கீய அங்க, நாள் பூரா?”

வேலையைப் பற்றி அவள் கேட்பது அபூர்வம். விளக்கிச் சொன்னேன். சுவிட்ச் என்பது பல கணினிகளுக்கு நடுவில் உட்கார்ந்து தகவலை வாங்கி அனுப்பும் பெட்டி. அதில் கம்பி செருகும் வாய்தான் போர்ட். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கம்பியைச் செருகியதும் இரண்டு போர்ட்டுகளும் முதலில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். தகவல் போக எட்டுத் தடங்கள் உண்டு. நெரிசல் வரும்போது எந்தத் தடத்தில் வருவதைக் கீழே விடலாம், எந்தத் தடத்தில் வருவதை ஒரு துளிகூட விடாமல் ‘கொஞ்சம் நில்’ என்று நிறுத்திவைக்க வேண்டும், எந்தத் தடத்துக்கு எவ்வளவு இடம் என்பதெல்லாம் இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகவல் வழியில் சிந்திப் போகும்.

“ஆளுக்கொண்ணு சொன்னா யாரு சொல்லுகது எடுபடும்?”

“அதையும் அதுகளே சொல்லிக்கிடும். ஒண்ணு, ‘நீ சொல்லுகதை ஏற்கத் தயார்’னு சொல்லும். இன்னொண்ணு ‘நான் தயாரில்ல’ன்னு சொல்லும். தயார்னு சொன்னது மத்ததுகிட்ட இருந்து அமைப்பை வாங்கி, தன்னோட மத்த போர்ட்டுக்கெல்லாம் பரப்பிவிட்டுரும்.”

“ரெண்டுமே தயாரில்லன்னா?”

“ஒத்துப்போகலன்னு எச்சரிக்கை வரும். ஆளு போய்ப் பாக்கணும்.”

“ரெண்டுமே தயார்னா?”

நல்ல கேள்வி. இதை நான் அலுவலகக் கூட்டத்தில் சொன்னபோது ஒருவரும் கேட்கவில்லை.

“ஒவ்வொரு பெட்டிக்கும் செய்யும்போதே ஒரு முகவரி எண் போட்டிருப்பான். எது சின்ன எண்ணோ அது பேச்சு நிக்கும்.”

“வயசு, அனுபவம்லாம் பாக்காதா?”

“பாக்காது.”

“நல்லாருக்கே ஞாயம்” என்றாள். கீரையில் பூச்சி இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

கோவிலில் இருந்து வந்து சாப்பிட்டு உட்கார்ந்தபோது பெங்களூரிலிருந்து மகன் ஆல்வின் பேசினான். வழக்கமான பேச்சுத்தான். வில்லிவாக்கம் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே வந்துவிடுங்கள் என்றான்.

“அம்மாட்ட கேளுப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல.”

ஜெயசீலி போனை வாங்கினாள். “அப்பா என்ன சொல்லுதாவளோ அதான் மக்கா” என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“ரெண்டு பேரும் போனை மாத்தி மாத்திக் குடுக்கறதுக்குப் பதிலா யாராவது ஒருத்தர் வரோம், இல்ல வரலன்னு சொல்லுங்களேன்” என்றான். சலிப்பு தெரிந்தது. அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜெயசீலிக்கு இந்த வீட்டை விட்டு வர மனம் வராது. மாடியில் அத்தனை தொட்டிகள். சபையின் பெண்கள் ஐக்கியத்தில் செயலாளர் வேறு. அவள் வாயால் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

ஜூன் 11, செவ்வாய்

விசித்திரமான ஒன்றைப் பார்த்தேன். தவறாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு சுவிட்சிலும் ‘உன் அமைப்பை எங்கிருந்து பெற்றாய்’ என்று கேட்டால் ஒரு போர்ட் எண்ணைச் சொல்லும். அந்தக் கம்பியின் மறுமுனைக்குப் போய் அங்கேயும் கேட்க வேண்டும். இப்படியே கிழக்குக் கூடத்தில் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போனேன். எல்லாமே ‘தயார்’ என்று வைக்கப்பட்டிருந்தன. ஒன்று மற்றதைக் காட்டியது, அது இன்னொன்றைக் காட்டியது. கடைசியில் மூலை ரேக்கில் வந்து நின்றேன். மேற்குக் கூடத்தில் தொடங்கியும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் எல்லாம் ‘தயார்’. அதே மூலைக்கே வந்தேன்.

அந்த ரேக்கின் நடுவில் ஒரு பழுப்புப் பெட்டி. மேலே விற்பனைக்காரர் ஒட்டிய சீட்டு: ‘மாதிரிக்கு மட்டும். திருப்பித் தரவும்.’ அதன்மேல் யாருடைய ஸ்வெட்டரோ தொங்கியது. அந்த ஒரு பெட்டி மட்டும் ‘தயாரில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஜூன் 12, புதன்

மறுபடி சரிபார்த்தேன். தவறில்லை.

ஸ்வெட்டரை எடுக்க வஹிதா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வேகமாகப் பேசுவார். எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம்.

“என்ன சார், எங்க ஸ்வெட்டர் ஸ்டாண்டை இப்படி உத்துப் பாக்கறீங்க?”

சொன்னேன். சுருக்கமாகச் சொல்ல நினைத்து நீட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து தானும் பார்த்தார்.

“யா அல்லா! ரெண்டு ஹாலும் இத்தனை நாளா இதோட பேச்சையா கேட்டுட்டு இருந்திருக்கு?”

“அப்படித்தான் தெரியுது மேடம். நான் தப்பாகூட…”

“தப்பில்ல சார். எனக்கு இப்பத்தான் புரியுது. ரெண்டு கம்பெனியும் ஒண்ணானப்ப எனக்கும் தணிகாசலத்துக்கும் பெரிய தகராறு. யார் செட்டிங்கை யார் ஏத்துக்கறதுன்னு. ஜி.எம். கூப்பிட்டு, ‘ஈகோ வேணாம், ரெண்டு பேரும் விட்டுக்குடுங்க’ன்னார். நான் போய் எல்லாத்தையும் ‘தயார்’னு மாத்தினேன். அவரும் மாத்தியிருக்கார். அதுக்கப்புறம் ஒரு பிரச்சினையும் வரல. அவர் என் பேச்சைக் கேட்டுட்டார்னு நான் நெனச்சேன்.”

தணிகாசலமும் அதையே மறுபக்கமாக நினைத்திருப்பார். யாருக்கும் சொந்தமில்லாத இந்தப் பெட்டியை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. 23ஆம் தேதி அணைக்கப் போவது இதைத்தான்.

ஜூன் 13, வியாழன்

அந்தப் பெட்டி என்ன சொல்கிறது என்று முழுவதும் எடுத்தேன். மூன்றாம் தடம், நான்காம் தடம் இரண்டையும் ‘சிந்தாத தடம்’ என்று அறிவிக்கிறது. துணிக்கடைக் கணினிகள் தங்கள் சேமிப்பை மூன்றாம் தடத்தில் அனுப்புகின்றன. மருத்துவமனைப் படங்கள் நான்காம் தடத்தில் போகின்றன. இரண்டுக்கும் பாதுகாப்பு இருந்ததால் இதுவரை ஒருவருக்கும் தெரியவில்லை.

வரப்போகும் புதிய சுவிட்சின் கையேட்டையும் படித்தேன். அதன் நினைவகம் சிறியது. இவ்வளவு நீளக் கம்பிகளுக்கு ஒரே ஒரு தடத்தைத்தான் சிந்தாமல் காக்க அதனால் முடியும். அந்தப் பக்கத்தை நான்கு முறை படித்தேன். ஒன்று என்றுதான் போட்டிருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

தணிகாசலத்திடம் சொன்னேன். டீ ஆறும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“அதனால இன்னா சார்? ஒரு தடம்தான்னா மூணாம் தடத்தைப் போட்டுடுங்க. புது சுவிட்சை ‘தயாரில்ல’ன்னு வெச்சுட்டா எல்லாம் அது பின்னாடி வந்துடும். முடிஞ்சுது.”

“அப்ப ஆஸ்பத்திரிப் படமெல்லாம் சிந்திடுமே.”

“அவங்க மாத்திக்கட்டும். நம்ம கஸ்டமர்தான் இங்க மொதல்ல வந்தவங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அட்டவணையில நீங்க எழுதறதுதான் சார் கடைசி. உங்களுக்கு நான் சொல்லணுமா? நம்ம ஆளு நீங்க.”

“சரி, பாக்கறேன்” என்றேன். ‘சரி’ என்பதைச் சொல்லாமல் ‘பார்க்கிறேன்’ மட்டும் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 15, சனி

வஹிதாவிடம் கேட்டேன். நான்காம் தடத்தை மாற்ற மருத்துவமனையின் சேமிப்புப் பெட்டியை முழுதாக நிறுத்த வேண்டும். நிறுத்த அவர்கள் செப்டம்பரில்தான் அனுமதி தருகிறார்கள். நாள் முழுவதும் விபத்துப் பிரிவிலிருந்து படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. படம் வராமல் மருத்துவர் அடிபட்டவரின் தலையைத் திறக்க முடியாது.

“புது சுவிட்சை செப்டம்பர் வரைக்கும் தள்ளி வெக்க முடியாதா?”

“விற்பனைக்காரன் பழசைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியாச்சு சார். 23 போனா ஆள் வந்து தூக்கிட்டுப் போயிடுவான்.”

தணிகாசலத்தின் கணினிகளை ஒவ்வொன்றாக, கடை நிற்காமலேயே நான்காம் தடத்துக்கு மாற்றலாம். அலுப்பான வேலை, இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஆனால் முடியும்.

ஆகவே விடை தெளிவு. தெளிவாக இருப்பதால்தான் அதை யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

கோவில். ஆல்வின் பேசினான். நான் மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததாக ஜெயசீலி சொல்லிவிட்டாள். ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

ஜி.எம். அறையில் கூட்டம். தணிகாசலம் ஒரு பக்கம், வஹிதா ஒரு பக்கம். நான் கதவுப் பக்கம்.

“இதெல்லாம் பெரிய மனுஷங்க பேசித் தீர்த்துக்கற விஷயம்” என்றார் ஜி.எம். “ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்குடுங்களேன்.”

“விட்டுக்குடுத்துத்தான் சார் இங்க வந்து நிக்கறோம்” என்றார் வஹிதா.

“மேடம் பேசினா யாரும் ஜெயிக்க முடியாது சார்” என்றார் தணிகாசலம்.

“ஜெயிக்கறதுக்கு இங்க என்ன, பட்டிமன்றமா?”

ஜி.எம். கையை உயர்த்தினார். “நீங்க மூணு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. என்ன வந்தாலும் எனக்குச் சம்மதம்.” அப்புறம் என்னைப் பார்த்து, “சாரே எழுதிடட்டும். நடுநிலையான ஆள்” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டியிருக்கிறேன் போல. வெளியே வந்த பிறகு வஹிதா அப்படித்தான் சொன்னார்.

ஜூன் 19, புதன்

23ஆம் தேதி வேலைக்காகக் கணினியில் நான் நிரப்ப வேண்டிய மாற்றப் பதிவில் இரண்டு கட்டங்கள் காலியாக இருக்கின்றன. ‘காக்கப்படும் தடம்.’ ‘முடிவுக்குப் பொறுப்பானவர்.’ கணினி அவை இல்லாமல் பதிவை ஏற்க மறுக்கிறது. இன்று பல் டாக்டரிடம் போவதாக இருந்தது, போகவில்லை.

ஜூன் 20, வியாழன்

பேருந்தில் வரும்போதே சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்.

தணிகாசலத்தின் மேசைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் பேச வராது என்று நின்றேன்.

“நாலாம் தடம்னு எழுதப்போறேன்.”

“இன்னா சார் இது!”

“உங்க பக்கம் நிறுத்தாமலே மாத்தலாம். அவங்க பக்கம் முடியாது. அவ்வளவுதான் காரணம்.”

“அறுபது சர்வர் சார். என் பசங்க ராவும் பகலும் உக்காரணும். யாருக்காக? அந்தம்மாவுக்காகவா?”

“அவங்களுக்காக இல்ல.”

“நான்தான சார் உங்களை இங்க கூட்டினு வந்தேன்?”

“ஆமா” என்றேன். “மறக்கல.”

அவர் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். பிறகு சிரித்தார். “சரி சார். எழுதுங்க. ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்.”

போய் எழுதினேன். முதல் கட்டத்தில் 4. இரண்டாவது கட்டத்தில் என் பெயர், வேதமாணிக்கம். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். சொந்தப் பெயரையே பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர் அத்தனை சீக்கிரம் ஒப்புக்கொண்டது மனதுக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை.

ஜூன் 21, வெள்ளி

கிழக்கில் மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. தணிகாசலம் டீ குடிக்க வரவில்லை.

ஜூன் 22, சனி

முக்கால்வாசி முடிந்தது, மீதி இரவுக்குள் முடிந்துவிடும் என்று சொன்னார்கள். நான் நேரில் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். “எதுக்கு சார், நம்பிக்கை இல்லையா?” என்றார் தணிகாசலம். பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. ஜெயசீலி தனியாகப் போனாள்.

காலையில் புதிய சுவிட்சைப் பொருத்தினார்கள். ‘தயாரில்லை’ என்று வைத்தேன். நான்காம் தடம் என்று கொடுத்தேன். இரண்டு கூடத்துக் கம்பிகளையும் ஒவ்வொன்றாகப் பழைய பெட்டியிலிருந்து பிடுங்கிப் புதியதில் செருகினார்கள். ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கத்துப் போர்ட் ‘ஏற்கத் தயார்’ என்றது, ஏற்றுக்கொண்டது, மற்றவற்றுக்குப் பரப்பியது. கடைசியில் வஹிதா பழைய பெட்டியின் மின்சாரத்தை எடுத்தார். அதன் விசிறி நின்றபோதுதான் அது அதுவரை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

வஹிதா மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டார். படங்கள் வருகின்றன என்றார்கள்.

சிறிது நேரத்தில் தணிகாசலத்தின் போன் அடித்தது. பிறகு இன்னொன்று. அவர் முகம் மாறியது.

“ரெண்டு கடையில பில் போட முடியலயாம். தொங்குதாம். ஞாயித்துக்கிழமை சார், ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு ஏத்திக்கினு இருக்காங்க!”

“எந்த ரேக்?” என்றார் வஹிதா.

தணிகாசலம் போனைச் சட்டைப்பையில் போட்டார். நான் திரையில் பார்த்தேன். கடைசி ரேக்கில் இருந்த கணினிகள் இன்னும் மூன்றாம் தடத்தில்தான் அனுப்பிக்கொண்டிருந்தன. அந்தத் தடத்துக்கு இப்போது காவல் இல்லை. சிந்திக்கொண்டிருந்தது.

“இது மட்டும் ஏன் மாத்தல?” என்று கேட்டேன்.

“மாத்துங்க சார்” என்றார். “உங்க சுவிட்சை மூணுக்கு மாத்துங்க. ஒரு வரிதான. தட்டுங்க.”

“தட்டினா ஆஸ்பத்திரிப் படம் நின்னுடும்.”

“ஒரு பத்து நிமிஷம்! அதுக்குள்ள நான் என் ரேக்கை மாத்திடறேன்.”

“அந்தப் பத்து நிமிஷத்துல அங்க யார் படுத்திருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது.”

“சார், நான் சொல்றேன். மாத்துங்க.”

என் கை விசைப்பலகைக்குப் போனது. அதை மறைக்க மாட்டேன், போனது. அந்த வரியின் முதல் எழுத்தையும் தட்டினேன். பிறகு அதை அழித்துவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

“மாத்த மாட்டேன்” என்றேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியாததால் இன்னொரு முறை சொன்னேன். “நீங்க அந்த ரேக்கை மாத்துங்க. நான் இங்க இருந்து எழுந்திருக்க மாட்டேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

“கடைசியில நீங்க மாத்திடுவீங்கன்னு நெனச்சுத்தான் சார் அதை விட்டு வெச்சேன்” என்றார். “எப்பவும் மாத்துவீங்களே.”

சொல்லிவிட்டு ஓடினார். வஹிதாவும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். இருவரும் தரையில் அடுத்தடுத்து உட்கார்ந்து ஆளுக்குச் சில கணினிகளாக மாற்றினார்கள். “உங்க பாஸ்வேர்டை இவ்ளோ கேவலமாவா வெப்பீங்க?” என்று வஹிதா கேட்டது இங்கே வரை கேட்டது. கடைகளில் பில் போடுவது மீண்டும் தொடங்கியது. நான் எழுந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அந்தக் குளிரில்.

வீட்டுக்கு வந்தேன். ஆல்வின் பேசினான். எப்படி வந்ததோ தெரியவில்லை, போனைக் கைமாற்றாமல் நானே சொன்னேன்.

“நாங்க வரலப்பா. இங்கயே இருக்கோம். அம்மாவுக்கும் அதான் இஷ்டம்.”

வைத்துவிட்டுத் திரும்பினால் ஜெயசீலி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“எனக்கு எது இஷ்டம்னு உங்ககிட்ட யாரு சொன்னா?”

“இல்ல, மாடியில செடியெல்லாம்…”

“செடி! நீங்க ஆபீசுக்குப் போனப்பொறவு நாள் பூரா என்ன செய்யணும்னு தெரியாமத்தான் மாடியில போய் நிக்கேன். பேரப்பிள்ளையளப் பாத்துக்கிட்டு இருக்கலாம்னு ரெண்டு வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்.”

“ஒருநாளும் சொல்லலயே நீ.”

“நீங்க கேக்கலயே.”

“ஒவ்வொரு வாரமும் உன்கிட்டதான போனைக் குடுத்தேன்!”

“போனைக் குடுத்தா கேட்டதா அர்த்தமா? என் தலையில போட்டுட்டு மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருப்பீய. நான் போறேன்னு சொன்னா, உங்களுக்கு அந்த ஆபீஸ் போயிருமேன்னு வாய மூடிக்கிட்டேன். அது ஒண்ணுதான உங்களுக்கு இருக்கு.”

எனக்கு அது பொழுதுபோக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. உனக்காகத்தான் நானும் பேசாமல் இருந்தேன் என்றும் சொல்லவில்லை. அது முழு உண்மையா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

இன்று ஒரே நாளில் இரண்டு இடத்தில் முடிவு சொல்லியிருக்கிறேன். ஒன்று சரி, ஒன்று தவறு.

ஜூன் 24, திங்கள்

விடுப்பு. ஜெயசீலியும் நானும் நிறையப் பேசினோம். பாதி சண்டை. அவள் போய்ப் பேரப்பிள்ளைகளோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று முடிவு. நான் கூடப் போவதா இல்லையா என்று கேட்டாள். எனக்கு அங்கே சரிப்படாது என்று நினைக்கிறேன் என்றேன். “நினைக்கேன்லாம் வேண்டாம்” என்றாள். சரிப்படாது என்றேன். சரி என்றாள். கோபம் இருக்கிறது. ஆனால் சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது.

ஜூன் 27, வியாழன்

தணிகாசலம் என் இருக்கைக்கே வந்தார். மரியாதையாகப் பேசினார்.

“சார், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கும் வயசாச்சு. இந்தக் குளிர்ல தினமும் வந்து போறது உடம்புக்கு ஆகாது. ஜி.எம். கிட்ட பேசிட்டேன். மாசக் கடைசியோட ரெஸ்ட் எடுத்துக்குங்க.”

அவர் சொல்வதும் சரிதான். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளாகவே சளி இருக்கிறது.

“அந்த ஞாயித்துக்கிழமைக்காகவா?” என்று கேட்டேன். கேட்பேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார்.

“அன்னிக்கு நீங்க பண்ணது சரி சார். அதான் கஷ்டமா இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 28, வெள்ளி

கடைசி நாள். அட்டவணையை ஒப்படைத்தேன். ஸ்டூலைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. வெளியேறுகிறவரின் பெயர் மாற்றப் பதிவில் இருக்கக்கூடாது. என் பெயரை எடுத்தால் ‘முடிவுக்குப் பொறுப்பானவர்’ என்ற கட்டம் காலியாகும். வேறு பெயர் வேண்டும். ஜி.எம். வழக்கம்போல யார் பெயராக இருந்தாலும் தமக்குச் சம்மதம் என்றார். தணிகாசலம், “எனக்கு வேணாம் சார், அப்புறம் நான் என் பக்கத்துக்குப் பண்ணிட்டேன்னு பேச்சு வரும்” என்றார்.

வஹிதாவிடம் போனேன். மதியத் தொழுகை முடித்து வந்து உட்கார்ந்திருந்தார்.

“உங்க பேரைப் போடுங்க மேடம்.”

“என் பேரா? வேற வினையே வேணாம். நாளைக்கே தணிகாசலம், ஆஸ்பத்திரிக்காரி ஆட்சி வந்துடுச்சும்பார்.”

“சொல்வார்.”

“கிழக்குல ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க சார்.”

“ஒத்துக்க மாட்டாங்க. செப்டம்பர்ல உங்க சேமிப்புப் பெட்டியை நிறுத்தும்போது மறுபடி ஒரு முடிவு எடுக்கணும். அப்ப அவங்க பக்கம்தான் சரின்னுகூட வரலாம். அதையும் யாராவது ஒருத்தர் சொல்லணும்.”

“பொதுவா ‘நெட்வொர்க் குழு’ன்னு போட்டுடலாமா? யாருக்கும் வலிக்காது.”

நான் பழைய ரேக் இருந்த மூலையைப் பார்த்தேன். அவரே தலையை ஆட்டிக்கொண்டார். “ஆமா. அப்புறம் இன்னொரு ஸ்வெட்டர் ஸ்டாண்டு வந்து உக்காந்துக்கும்.”

கணினியை இழுத்து வைத்துக்கொண்டார். என் பெயரை அழித்தார். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். உறுதியா என்று திரை கேட்டது. அவர் விரல் விசைமேல் நின்றது. திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

தலையாட்டத் தோன்றியது. பழகிய தலை. ஆட்டாமல் இருக்க, குனிந்து என் பையின் ஜிப்பை இழுத்து மூடத் தொடங்கினேன். பாதியில் சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது விசை தட்டும் சத்தம் கேட்டது.